ஊர் பார்க்க வந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் ஒருவர் வேற்றூருக்குப் போவதென்றால் அதற்குக் காரணம் வேண்டும். கல்யாணம், எழவு, சந்தை, கோயில், கோர்ட்டு வழக்கு. இவற்றில் ஒன்றும் இல்லாமல் ஒருவர் பஸ் ஏறினால், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போகிறார் என்றுதான் அர்த்தம் செய்துகொள்வார்கள். ஊரைப் பார்ப்பதற்காகவே ஊருக்குப் போவது என்று ஒன்று இருப்பதை நான் சேலத்தில் படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். விடுதியில் என்னோடு இருந்த பெண்களில் சிலர், லீவு நாட்கள் சேர்ந்தாற்போல் வந்தால் தாய் தகப்பனோடு ஏற்காட்டுக்குப் போவார்கள். திரும்பி வந்ததும், "என்ன விசேஷம்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, சும்மா போனோம்" என்பார்கள். அந்தச் 'சும்மா' எனக்குப் பிடித்திருந்தது. பெரிய மனிதர்கள் வீட்டுப் பொருளைப் போல அது எனக்குத் தோன்றியது. சம்பாதிக்க ஆரம்பித்ததும் நானும் எங்காவது சும்மா போய்வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். பயிற்சி முடிந்து சேலத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தபோது, சித்தப்பாமார் இருவரும் வீட்டுக்கு வந்து, படிப்பு போதும், இனிக் கல்யாணத்தைப் பார்க்க வேண்டியதுதான் என்றார்கள்.  அவர்கள் போன பிறகு அப்பா கிணற்று மேட்டில் என்னைக் கூப்பிட்டு, "அம்மிணி, நீயா வாயெடுத்துச் சொல்ற வரைக்கும் கல்யாணப் பேச்ச நான் எடுக்க மாட்டேன். ஒருத்தருக்கும் வாக்குக் குடுக்கவும் மாட்டேன். நீ போயி வேலையப் பாரு" என்றார். அப்பா அதிகம் பேசாதவர். பேசிய வார்த்தையை மாற்றியதாக அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. அந்த வாக்கில் அம்மாவுக்குப் பங்கில்லை. அவளை யாரும் கேட்கவில்லை.

யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போயிருந்த காலம். பண்டிகையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றையொன்று ஒட்டி வந்ததில் பள்ளிக்கூடத்துக்கு நான்கு நாள் லீவு விட்டார்கள். நான் ஊருக்கு வந்து, மூன்று பேருமாகச் சங்ககிரிக்குப் போகலாம் என்றேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்த மலையையும் அதன்மேல் வரிவரியாக ஏறும் கோட்டைச் சுவரையும் பார்த்திருக்கிறேன். கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.

"சங்ககிரியில நம்முளுக்கு யாரு இருக்கறா?" என்று அம்மா கேட்டாள்.

"யாரும் இல்ல."

"யாருமில்லாத ஊருக்கு எதுக்குப் போறது?"

"பாக்கறதுக்கு."

"எதைய?"

"ஊரை."

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, படிச்சுப் படிச்சுப் புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க."

அப்பா சிரித்தார். "போயிட்டுத்தான் வருவமே. காடு ஒழவு போட்டுக் கெடக்குது. மழைய எதிர்பாத்துக்கிட்டு இங்க உக்காந்திருக்கறதுக்குப் பதிலா அங்க போயி உக்காந்துக்கலாம்."

அம்மா புளிச்சோறு கிளறினாள். மூன்று நாளைக்குக் காணும்படி நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறி, ஒரு பித்தளைத் தூக்கில் அமுக்கி அமுக்கி வைத்து, வாயைத் துணியால் கட்டினாள். வேற்றூரில் கடையில் சோறு வாங்கித் தின்பது அவளைப் பொறுத்தவரை பிச்சை எடுப்பதற்கு ஒரு படிதான் மேலே.

திருச்செங்கோடு போய் அங்கிருந்து வேறு பஸ் மாறினோம். எல்லாம் கரி பஸ். பின்பக்கம் பெரிய அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும். மேடு வந்தால் நின்றுவிடும். ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டும். கண்டக்டர், "காசு குடுத்தவிங்க எல்லாம் எறங்குங்க, காசு குடுக்காதவிங்க தள்ளுங்க" என்று தமாஷ் பேசினார். எல்லோரும்தான் தள்ளினார்கள். சங்ககிரியில் இறங்கியபோது அப்பாவின் வெள்ளை வேட்டியில் பாதி கறுப்பாகியிருந்தது.

சத்திரத்தில் தங்குவது என்பது என் திட்டம். அதற்கு வழி கேட்பதற்காக அப்பா பஸ் நிற்கும் இடத்தில் இருந்த டீக்கடைக்குப் போனார். பெஞ்சியில் அப்பாவின் வயதில், நல்ல உயரமான ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எந்தூருங்க?" என்று அவர் கேட்டார். அப்பா சொன்னார்.

"என்ன விசேசத்துக்கு வந்திருக்கறீங்க?"

"விசேசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா, ஊரு பாக்கலாம்னு."

"சும்மாவா?" அவர் என்னை ஒருமுறை பார்த்தார், அம்மாவின் கையிலிருந்த தூக்கை ஒருமுறை பார்த்தார். "புள்ள படிக்குதுங்களா?"

"படிச்சு முடிச்சுச் சேலத்துல வாத்திச்சியா இருக்குதுங்க."

"செரி செரி. நீங்க என்ன கூட்டமுங்க?"

எங்கள் பக்கத்தில் குடியானவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது கேள்வியாவது இதுவாகத்தான் இருக்கும். ஒரே கூட்டமாக, அதாவது ஒரே குலமாக, இருந்தால் பங்காளி. வேறு கூட்டமாக இருந்தால் மாமன் மச்சான். இரண்டில் எதுவானாலும் அதன் பிறகு அந்நியர் இல்லை. அப்பா எங்கள் கூட்டத்தைச் சொன்னார். அவர் பெஞ்சியை விட்டு எழுந்துவிட்டார்.

"அட, நாம பொண்ணு குடுத்து எடுக்கற மொறையில்லீங்களா! வாங்க மச்சான், ஊட்டுக்குப் போலாம்."

"சத்திரத்துக்குப் போறமுங்க."

"சத்திரத்துல போயிப் படுக்கறதுக்கு இங்க நாங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?" என்று சொல்லி, என் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவர் நடக்க ஆரம்பித்தார். பெட்டி போன வழியே நாங்களும் போனோம். யாருமில்லாத ஊரில் தங்கும் என் ஆசை அவ்வளவில் முடிந்தது.

ஓட்டு வீடு. நடுவில் வாசல், பின்பக்கம் மாட்டுக் கொட்டாய், அதைத் தாண்டிக் கிணறும் கொஞ்சம் தோட்டமும். அவரை நான் மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர்களுக்கு ஒரே மகன். ரயில்வே ஸ்டேஷனில் சரக்குக் கொட்டகையில் வேலை. ஒல்லியாக, கிராப்பு வைத்து, சட்டைப் பையில் பேனாவுடன் இருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அத்தை இலை போட வந்தாள். அம்மா தடுத்துவிட்டாள். "வேண்டாமுங்க, கட்டுச்சோறு இருக்குதுங்க. கெட்டுப் போயிரும்."

"ஒரு வாயாச்சும் கை நனைக்கலீங்களா?"

"இப்ப வேண்டாமுங்க. மோரு குடுங்க, போதும்."

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா தலையை ஆட்டினார். வற்புறுத்தவே இல்லை. நாசூக்கான மனிதர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நாங்கள் எங்கள் தூக்கைத் திறந்து புளிச்சோற்றைத் தின்று, அவர்கள் மோரைக் குடித்தோம்.

சாயங்காலம் அப்பா மாமாவோடு தோட்டத்தைச் சுற்றினார். கிணற்றை எட்டிப் பார்த்தார். சித்திரையில் வற்றுமா என்று கேட்டார். மண்ணைக் கையில் எடுத்துக் கசக்கினார். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்த்தார். எத்தனை ஏக்கரா, எத்தனை பேர் பங்கு என்று கேட்டார். இதெல்லாம் அப்பா எந்த ஊருக்குப் போனாலும் கேட்பவைதான். மாமா ஒன்றுக்கும் சலிக்காமல், கேட்டதற்கு மேலேயே பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

பிறகு நானும் அப்பாவும் தெருவில் நடந்தோம். சங்ககிரி பெரிய ஊர் அல்ல. ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் அடுத்த முனையில் திரும்பிப் பார்ப்பார்கள். தாலுகா கச்சேரிக்கு முன்னால் புளியமரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். சந்தைப் பேட்டையில், இளம்பிள்ளையிலிருந்து சேலை மூட்டை கொண்டுவந்திருந்த ஒருவர், வாங்க ஆள் இல்லாதபோதும் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்து உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். ஒரு கொல்லுப்பட்டறையில் லாரிச் சக்கரத்துக்கும் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கும் ஒரே ஆள் வேலை செய்தார். எந்தத் தெருவில் நின்றாலும் அதன் கடைசியில் மலை இருந்தது. ரயில் ஊதினால் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. அதனால் ஒரு ரயிலுக்கு இரண்டு தடவை ஊதல் கேட்டது. ஊர்க்காரர்கள் யாரும் அதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. எனக்கு ஊர் பிடித்திருந்தது. ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் சொல்லும் எதுவும் இங்கே இல்லை என்பதும் பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் மலை ஏறினோம். அம்மா கால் வலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். வழி காட்டுவதற்கு மகனை அனுப்பினார் மாமா. ஒரு வாசலைக் கடந்தால் படி, படியைக் கடந்தால் இன்னொரு வாசல் என்று கோட்டை மேலே போய்க்கொண்டே இருந்தது. கல் சூடேறுவதற்குள் உச்சிக்குப் போய்விட்டோம். அங்கே பாறைக்கு நடுவில் சுனை. "மல மேல தண்ணி! பாரு சாமி, மல மேல தண்ணி!" என்று அப்பா குழந்தையைப் போலச் சொல்லி, இறங்கி, கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தார். நான் இடிந்த சுவரின் மேல் ஏறி நின்றேன். தெற்கே திருச்செங்கோட்டு மலை சிவப்பாகத் தெரிந்தது. வடகிழக்கே, தொலைவில், சேர்வராயன் மலை நீலமாக. இடையில் இருந்த வெளியெல்லாம் உழுது போட்ட செம்மண்.

அந்த வீட்டு மகன் சற்றுத் தள்ளி நின்று கேட்டார்: "நீங்க சேலத்துலயே இருந்துக்குவீங்களா? மாத்தல் கேட்டாக் குடுப்பாங்களா?"

"கேட்டாக் குடுப்பாங்க" என்றேன். வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். எங்கள் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டு, நடுவில் கோட்டைச் சுவரில் வளர்ந்திருந்த அரசங்கன்றைப் பார்த்து, அது எப்படி அங்கே மண் இல்லாமல் நிற்கிறது என்று அவரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

உச்சி வெயிலில் கீழே வந்தோம். பசி. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "கட்டுச்சோறு தீந்துபோச்சுங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். உள்ளே இலை போட்டிருந்தது. அரிசிச் சோறு. அந்த நாளில் அரிசி கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். பருப்பு, பொரியல், அப்பளம், பாயசம். இலையின் ஓரத்தில் வெல்லமும் பருப்பும் வைத்துத் தட்டிய ஒப்பிட்டு, அதன்மேல் உருக்கிய நெய். அப்பா உட்கார்ந்து, இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, ஒப்பிட்டைப் பிட்டு வாயில் போட்டார். மாமா தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்தார். அத்தை உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றினாள். பகலில் எதற்கு விளக்கு என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. நானும் தின்றேன். ஒப்பிட்டு மிக நன்றாக இருந்தது.

கை கழுவிவிட்டு வந்தால், வாசலில் ஜமக்காளம் விரித்து அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தாம்பாளத்தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பூ.

"அப்ப நல்ல நாளாப் பாத்துரலாமுங்களா மச்சான்?" என்றார் மாமா.

"எதுக்குங்க?" என்றார் அப்பா.

 அப்பா தட்டைப் பார்த்தார், பிறகு உள்ளே எடுத்துப் போடாமல் கிடந்த எச்சில் இலையைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கும்.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனால் அங்கே சாப்பிட மாட்டார்கள். மோர் குடிக்கலாம். சம்பந்தம் பிடித்துப் போனால்தான் சோற்றில் கை நனைப்பார்கள். நனைத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. அதற்கு மேல் பேச்சு இல்லை. காரணம் இல்லாமல் யாரும் ஊருக்கு வரமாட்டார்கள் என்பதால், டீக்கடையில் அப்பா சொன்ன 'சும்மா'வை மாமா நம்பவே இல்லை. முதல் நாள் எங்கள் கட்டுச்சோற்றை நாங்களே தின்றோம். கிணற்றையும் மண்ணையும் மாட்டையும் பார்த்தோம். பங்கு எத்தனை என்று கேட்டோம். பையனோடு மலைக்குப் போய்வந்தோம். வந்து இலையில் உட்கார்ந்து கை நனைத்தோம். பெண் வீட்டார் செய்கிற ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் செய்திருக்கிறோம்.

"சித்த இருங்க" என்று அப்பா மாமாவிடம் சொன்னார். "புள்ளகிட்ட ஒரு வார்த்தை."

கிணற்றடிக்கு நானும் அவரும் போனோம். அம்மாவும் பின்னால் வந்தாள். அப்பா துவைகல்லில் உட்கார்ந்தார்.

"கை நனைச்சுப்போட்டேன் அம்மிணி" என்றார்.

"எனக்குச் சொன்ன வாக்கு?"

"அதும் வாக்குத்தான்."

 மாட்டுக் கொட்டாயில் எருமை தாழியில் வாயை வைத்து எதையோ தின்றுகொண்டிருந்தது. நான் பார்த்தேன். கழுநீரில் மஞ்சளாகச் சோறு மிதந்தது. வேர்க்கடலையும் காய்ந்த மிளகாயும்கூடத் தெரிந்தன. எங்கள் புளிச்சோறு.

"தீந்துபோச்சுன்னியே" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா மறைக்கவில்லை. "ஆமா, நாந்தான் கொட்டினேன். காத்தால ஒப்பிட்டுக்குப் பருப்பு வேக வெக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரியாமத் திங்கறதுக்கு நான் என்ன குழந்தையா? நல்ல எடம். ஒரே பையன். கெணத்துல தண்ணியிருக்குது. உங்கொப்பன் உனக்கு வாக்குக் குடுத்தாரு. நான் யாருக்கும் ஒண்ணும் குடுக்கல."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"அவிங்ககிட்ட நான் சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன்.

"தின்னது நானு. நாந்தான் சொல்லோணும்."

வாசலுக்குப் போய் அப்பா உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்: "மச்சான், தப்பு எம்பேர்ல. நாங்க சம்பந்தம் பேச வரலீங்க. புள்ளைக்கு லீவு. ஊரு பாக்கோணும்னுச்சு, கூட்டியாந்தேன். பசிக்குத் தின்னுப்போட்டேன். கல்யாணத்துக்கு நான் புள்ளையக் கேக்காம வாக்குக் குடுக்கறதில்லைன்னு ஏற்கெனவே அதுக்குச் சொல்லியிருக்கறேன்."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. பெண் கொடுக்க மாட்டேன் என்று அப்பா சொல்லியிருந்தால்கூட அவ்வளவு சுருங்கியிருக்காது என்று நினைக்கிறேன். "பையனப் புடிக்கலீன்னா புடிக்கலீன்னு சொல்லுங்க மச்சான். ஊரு பாக்க வந்தோம்னு ஏனுங்க சொல்றீங்க? இந்த ஊருல என்னங்க இருக்குது பாக்க?"

"படிச்ச புள்ளைங்க தானே நேருல வந்து மாப்பிள்ளை பாக்கும்போல, இப்பத்த நாகரிகம்னு நெனச்சோம்" என்றாள் அத்தை.  பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்பிடி என்னத்த அம்மிணி பாத்தே? நீயே சொல்லு, கேப்போம்."

கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்வது என் தொழில். நான் சொன்னேன். மனு எழுதுகிறவர்கள் தூங்குவதைச் சொன்னேன். இளம்பிள்ளைக்காரர் சேலை மடிப்பதை, பட்டறையில் இரண்டு வகைச் சக்கரமும் ஒரே அடுப்பில் காய்வதை, ரயில் இரண்டு தடவை ஊதுவதை. விடியும்போது ஊர் இருட்டாக இருக்க, மலை உச்சியில் மட்டும் வெயில் விழுவதை. ஒவ்வொரு வாசலிலும் கதவு இருந்த குழி கல்லில் தேய்ந்திருப்பதை. சுவரில் மண்ணில்லாமல் நிற்கும் அரசங்கன்றை. அக்கம்பக்கத்தார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஒரு கிழவர் மட்டும், "ரயிலு ரெண்டு தடவயா ஊதுது?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

அப்போது கதவருகே நின்ற மகன் பேசினார். அந்த வீட்டில் அவர் எல்லோர் முன்னிலையிலும் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். "அவிங்க சொல்றது நெசந்தானுங்கப்பா. மல மேலயே எனக்குச் சந்தேகம். ஏறி எறங்கற வரைக்கும் அவிங்க என்னைய ஒருக்காக்கூடப் பாக்கல. கோட்டையத்தான் பாத்தாங்க."

யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. ஆனால் நம்பிவிட்டார் என்பது தெரிந்தது. "அக்கம்பக்கத்துல எல்லாருத்துகிட்டயும் சொல்லிப்போட்டேனே" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். "கை நனைச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா, எங்க பையன்கிட்ட என்ன கொறைன்னுதானே பேசுவாங்க?"

"அதுக்கு நான் பொறுப்பு" என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் அப்பா டீக்கடைக்குப் போனார். நானும் போய்ச் சற்றுத் தள்ளி நின்றேன். கூட்டம் இருந்தது. அப்பா பெஞ்சிக்குப் பக்கத்தில் நின்று, மாமா வீட்டைக் கையால் காட்டி, உரத்துச் சொன்னார்: "அவிங்க பேருலயும் பையன் பேருலயும் ஒரு குத்தமும் இல்லீங்க. தங்கமான மனுசங்க. நாந்தான் சம்பந்தம் பேச வராமயே கை நனைச்ச மடையன். நான் ஊரு பாக்க வந்தவனுங்க."

"எந்த ஊரைப் பாக்கங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"இந்த ஊரைத்தானுங்க."

கடையே சிரித்தது. "பாத்தாச்சுங்களா? தீந்துபோச்சுங்களா?" என்று ஒருவர். "நாங்க இங்கயே பொறந்து இன்னும் பாக்கலீங்க, எங்க இருக்குதுன்னு காட்டிட்டுப் போங்க" என்று இன்னொருவர். எங்கள் ஊரில் அப்பா நடந்து வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அவர் அங்கே நின்று, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "போயிட்டு வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். அதற்குப் பின் பல நாள் அந்தப் பக்கத்தில் அவருக்கு 'ஊரு பாக்க வந்தவரு' என்றே பெயர் இருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அந்த வீட்டில் இனித் தங்குவது முறையில்லை. சத்திரத்துக்குப் போனோம். ஆக, கடைசி இரவு மட்டும் நான் திட்டமிட்டபடி நடந்தது. சோறு எருமைக்குப் போய்விட்டதால் அப்பா கிளப்புக் கடையில் தோசை வாங்கி வந்தார். அம்மா வாழ்நாளில் முதன்முதலாகக் கடைத் தோசை தின்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் முகத்தைக் காட்டாமல் தின்றாள். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. மூன்று தோசை தின்றதை மட்டும் பார்த்தேன்.

மறுநாள் பஸ் மத்தியானம்தான். காலையில் சத்திரத்து வாசலில் அத்தை நின்றாள். கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"நீ சொன்ன அரசங்கன்னு எங்க அம்மிணி இருக்குது?"

"மலை மேல, அத்தை."

"நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து, எம்பையனுக்கே வேலை கெடைச்சாச்சு. இந்த மலைல ஒரு படிகூட ஏறுனதில்ல. வா, போலாம்."

நானும் அவளும் ஏறினோம். அம்மா மூட்டைக்குக் காவல் இருப்பதாகச் சொல்லிவிட்டாள். அப்பா எங்களோடு அடிவாரம்வரை வந்து, முதல் வாசலில் உட்கார்ந்துகொண்டார். அத்தை மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் நின்று, நின்ற இடத்திலெல்லாம் திரும்பிப் பார்த்து ஏறினாள். அரசங்கன்றைத் தொட்டுப் பார்த்தாள். உச்சியில் நின்று தன் வீட்டைத் தேடினாள். ஓடுகள் எல்லாம் ஒன்றுபோல இருந்ததால் அகப்படவில்லை. ஸ்டேஷனில் நின்ற எஞ்சினின் புகையை மட்டும் கண்டுபிடித்து, "அங்கதான் பையன் இருக்கறான்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "எம்பையனப் புடிக்கலியா, இல்ல கல்யாணமே புடிக்கலியா?"

"உங்க பையன் நல்லவரு அத்தை. எனக்கு இப்போதைக்கு வேலை புடிச்சிருக்குது."

"அது செரி" என்றாள். வருத்தமாகவும் சொல்லவில்லை, சந்தோஷமாகவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கீழே ரயில் ஊதியது. அத்தை கையைத் தூக்கி என்னைப் பேசவிடாமல் நிறுத்தினாள். இரண்டாவது ஊதல் வந்ததும், "ஆமா" என்றாள்.

இறங்கி வந்தபோது முதல் வாசலில் அப்பாவுக்குப் பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார்.  மாமாவின் மடியில் ஒரு துணிப்பொட்டலம். பிரித்தார். முந்தின நாள் தட்டில் இருந்த வெற்றிலையும் பாக்கும்.

"வாடிப் போயிருமுங்க மச்சான். போடுங்க."

அப்பா கையை நீட்டப் போனவர் நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். "இதப் போட்டா ஒண்ணும் ஆயிராதுங்களே?"

மாமா அப்போதுதான் சிரித்தார். "தட்டுல வெச்சுக் குடுத்தாத்தானுங்க நிச்சயம். மடியில இருந்து எடுத்துக் குடுத்தா வெறும் வெத்தலதானுங்க."

இருவரும் போட்டுக்கொண்டார்கள். சுண்ணாம்பு தடவியது மாமாதான்.

பஸ் மேட்டில் இரண்டு தடவை நின்றது. அப்பா இரண்டு தடவையும் இறங்கித் தள்ளினார். திருச்செங்கோடு தாண்டும்வரை அம்மா எங்களிடம் பேசவில்லை. அதன் பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நல்ல எடம். எருமை நல்ல கறவை" என்றாள்.

"ஆமா, நல்ல எடந்தான்" என்றார் அப்பா.

கல்யாணத்தைப் பற்றி அவர் இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.